என்பிற் பாய்ந்த கதிர்: சிறுவர் என்புப் புற்றுச் சிகிச்சையின் பின்விளைவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்முனையை நடுவாகக் கொண்டு, வடக்கே மருதமுனையும் தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியனவுமாக அம்பாறைக் கரையோரத்தே அடுத்தடுத்து அமைந்த முஸ்லிம் ஊர்களிலும், அவற்றோடு அயலாகக் கிடக்கும் தமிழ்க் கிராமங்களிலும், புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெறுதலைக் 'கரண்ட் பிடித்தல்' என்று வழங்கக் கேட்கிறோம். இவ்வழக்கு இப்பகுதிக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் இதனுள் அடங்கிய கருத்து ஆராயத்தக்கது. மின்னோட்டம் நின்றபின் கம்பியில் எதுவும் எஞ்சுவதில்லை. அதுபோலவே, குறித்த நாள்கள் 'கரண்ட்' பிடித்தாயிற்று, இனி எல்லாம் முடிந்தது என்று நோயாளரும் வீட்டாரும் கருதுவது இயல்பு. வெளியிலிருந்து பாய்ச்சிய கதிர் உடலில் தங்குவதில்லை என்ற அளவில் இக்கருத்து உண்மையே. ஆனால் அது கடந்து சென்ற கலங்களில் விட்ட வடு, பத்தும் இருபதும் ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பின்னர் வேறொரு புற்றாக எழுதல் உண்டு. சிறுவயதில் என்புப் புற்றுக்காகக் கதிர் பெற்றவரிடையே இவ்வபாயம் பிறரினும் மிகுதியாகும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகு எவ்வாறு கண்டது, ஏன் நெடுங்காலம் காணாதிருந்தது, கண்ட முறைக்கும் எமது கரையோரத்து நோயாளரின் நிலைக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவாம். இவ்வரலாற்றின் ஒரு கிளை ஈழத்து மண்ணிலேயே முளைத்தது என்பதும் நம்மவரிற் பலர் அறியாத செய்தியாகும்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவாம். சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் தோன்றும் தீய என்புக் கட்டிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று என்பாக்கும் கலங்களிலிருந்து எழும் என்புச் சார்க்கோமா. மற்றையது யூவிங் புற்று எனப்படுவது. முன்னது கதிருக்கு எளிதிற் கட்டுப்படாது. சத்திரசிகிச்சையே அதற்குத் தலையாய வழி. பின்னது கதிருக்குக் கரையும் இயல்பினது. தொடையிலோ முழங்காலருகிலோ நோவும் வீக்கமும் காணும்போது, விளையாட்டில் விழுந்த அடியென்றே வீட்டார் முதலிற் கொள்வர். முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டும், ஓதிய தண்ணீருமாகச் சில வாரங்கள் கழிதல் எமது ஊர்களில் அரிதன்று. இதனைக் கொண்டு பெற்றோரை அறியாதோர் என இகழ்வது தகாது. காய்ச்சலும் வீக்கமுமாகத் தோன்றும் யூவிங் புற்றினை என்பு அழற்சியென மயங்கியோருள் மேனாட்டுப் பெருமருத்துவரும் பலராவர்.

இந்நோய்க்குப் பெயரளித்த ஜேம்ஸ் யூவிங் நியூயோர்க்கில் நோய்க்கூற்றியல் அறிஞராக விளங்கியவர். முன்கை என்பிற் கட்டி கொண்ட பதினான்கு வயதுச் சிறுமியொருத்தியைப் பற்றி அவர் 1920இல் அந்நகரத்து நோய்க்கூற்றியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அவ்வுரை மறு ஆண்டில் அச்சாயிற்று. என்புச் சார்க்கோமாவென முதலிற் கருதப்பட்ட அக்கட்டி, இரேடியத்திற்கு வியக்கத்தக்க வகையிற் சுருங்கியமையே இது வேறொரு நோயென அவரை எண்ணத் தூண்டியது. அதாவது, யூவிங் புற்று என்ற நோய் பிரித்தறியப்பட்டதே கதிருக்கு அது இணங்கியமையால்தான். ஆகவே தொடக்கத்திலிருந்தே இந்நோயும் கதிரும் இணைபிரியாதவையாயின. சிறுவரின் கை, கால்களை வெட்டாது காக்க ஒரு வழி பிறந்ததென்று அக்காலத்தவர் மகிழ்ந்தது இயல்பேயாகும்.

ஆனால் மறுபுறத்தில் வேறொரு செய்தி வந்துகொண்டிருந்தது. 1922இல் பெக் என்னும் ஜேர்மானிய மருத்துவர், மூட்டுக் கசநோய்க்காக எக்ஸ் கதிர் பெற்றவரிடத்துப் பின்னர் அவ்விடத்திலேயே சார்க்கோமா எழுந்தமையை வெளியிட்டார். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரில், கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் வண்ணந் தீட்டிய இளம்பெண்கள் தாடையென்பு அழுகி மாண்டனர். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தால் வண்ணத்தோடு இரேடியமும் அதன் இனமான மெசோதோரியமும் அவர்தம் உடலுட் புகுந்தன. இரேடியம் இரசாயன இயல்பிற் கல்சியத்தை ஒத்தது. ஆதலின் உடல் அதனை என்பிற் சேர்த்து வைக்கும். 1925இல் இதனை ஆராய்ந்து கூறிய ஹரிசன் மார்ட்லண்ட் என்பார், 1929இல் அப்பெண்களிடையே என்புச் சார்க்கோமாவும் தோன்றியதை அறிவித்தார். கதிர் என்பிற் புற்றை விளைவிக்க வல்லது என்பது, ஆக, யூவிங் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டுப் பத்தாண்டு கழியுமுன்னரே தெரிந்திருந்தது.

மெசோதோரியம் என்ற இப்பெயரைக் கேட்டவுடன் நாம் ஈழத்தை நோக்கித் திரும்பவேண்டியவராகிறோம். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமியைக் கலைவரலாற்று மேதையாகவே இன்று யாவரும் அறிவர். அவர் இலங்கைக் கனியவள அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தவர் என்பதை நினைவுகூர்வோர் சிலரே. சபரகமுவையின் பலாங்கொடைப் பகுதியில், மாணிக்கக் கல் தேடும் பரலிடையே கிடைத்த பாரமான கரிய படிகங்களை அவர் 1904இல் அறிவித்தார். யுரேனியக் கனியம் என முதலிற் கருதப்பட்ட அவை புதியதொரு கனியமென இலண்டனில் டன்ஸ்டன் கண்டு, நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு அதில் அடங்கியமையால் தோரியனைற்று எனப் பெயரிட்டார். இக்கல்லிலிருந்து பெற்ற உப்பொன்றை, வில்லியம் இராம்சே தம் ஆய்வுகூடத்திற்கு வந்த இளைஞர் ஒட்டோ ஹானிடம் இரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு கொடுத்தார். ஹான் பிரித்தபோது இரேடியத்தோடு எவரும் அறியாத பிறிதொரு பொருளும் வெளிப்பட்டது. அதுவே 1905இல் அறிவிக்கப்பட்ட இரேடியோதோரியம். அதன் முன்னோடியான மெசோதோரியத்தை அவரே 1907இல் பேர்லினிற் கண்டார். பின்னாளில் யுரேனியக் கருப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற ஹானின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது இலங்கைக் கல் எனின் அது மிகையன்று.

இரேடியோதோரியம் சிதையும்போது தோன்றுவது தோரியம்-எக்ஸ். இன்றைய வழக்கில் இரேடியம்-224. இரதபோட்டும் சொடியும் 1902இலேயே இதனைக் கண்டிருந்தனர். இதன் அரைவாழ்வுக் காலம் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. விரைவில் அழிந்துபோவதால் தீங்கற்றது என்று கருதி மருத்துவர் பலர் இதனை மருந்தாக்கினர். ஜேர்மனியில் 1944 முதல் ஏறத்தாழ 1951 வரையில், தோரியம்-எக்சினைப் பிளாற்றினத்தோடும் இயோசின் சாயத்தோடும் கலந்து 'பெத்தியோஸ்தோர்' என்ற பெயரில் ஊசி வழியாகச் செலுத்தினர். என்புக் கசநோயுற்ற சிறுவரும் முள்ளந்தண்டு இறுகியோரும் இதனைப் பெற்றனர். அம்மருந்துக்கான மூலப்பொருள் இலங்கைக் கல்லிலிருந்து எடுக்கப்பட்டதென நாம் கூறவில்லை. பலாங்கொடைப் பரலிலே தொடங்கிய அறிவுச் சங்கிலியின் ஒரு கண்ணி அது என்பதே எமது கூற்று.

கொட்டிங்கனில் இச்சிகிச்சையை நேரிற் கண்ட ஹைன்ஸ் ஸ்பீஸ் என்னும் இளம் மருத்துவர், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுவதையும் பற்கள் சிதைவதையும் கண்டு இதனை நிறுத்துமாறு எச்சரித்தார். அவரது எச்சரிக்கை உடனே ஏற்கப்படவில்லை. ஆனால் அவர் செய்த மற்றொரு காரியமே எமது நோக்கிற் பெரிது. ஊசி பெற்றோரின் பெயரையும், ஒவ்வொருவரும் பெற்ற அளவையும் திரட்டி, அவர்களை ஆண்டுதோறும் தொடர்ந்தார். ஏறத்தாழ 900 பேரடங்கிய அத்தொகையில், சாதாரணமாக ஒருவருக்குத்தானும் என்புப் புற்று எதிர்பார்க்கத்தக்கதன்று. ஐம்பதுக்கு மேற்பட்டோருக்கு அது தோன்றிற்று. ஊசிக்கும் புற்றுக்கும் இடையே கழிந்த காலத்தில் அவர்களுட் பலர் வளர்ந்து ஆளாகி, தாம் பெற்ற மருந்தின் பெயரையே மறந்திருந்தனர். பட்டியல் இல்லையேல் அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவினையால் நோயுற்றவராகவே கணிக்கப்பட்டிருப்பர்.

இனி, வெளியிலிருந்து கதிர் பெற்ற சிறுவரின் நிலையைப் பார்ப்போம். 1948இல் நியூயோர்க்கின் கஹனும் அவர்தம் துணைவரும், கதிர் பட்ட என்பில் எழுந்த சார்க்கோமா பதினொன்றைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. ஒரு புற்றினைக் கதிரால் விளைந்ததென ஏற்பதற்கு அவர்கள் நிபந்தனைகள் சில வகுத்தனர். கதிர் பெறுமுன் அவ்வென்பு தீய கட்டியற்றதாக இருந்திருக்கவேண்டும். புதிய சார்க்கோமா கதிர் பட்ட இடத்திலேயே தோன்றவேண்டும். இடையில் நோயற்ற நெடுங்காலம் கழிந்திருக்கவேண்டும். நுணுக்குக்காட்டியில் அது மெய்ப்பிக்கப்படவேண்டும். ஐயத்திற்கு இடமின்றி உண்மையை நாட்டுதற்கு இவை நல்ல விதிகளே. ஆனால் முதல் விதியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். யூவிங் புற்றுக்குக் கதிர் பெற்ற சிறுவனின் என்பு தொடக்கத்திலேயே தீய கட்டியுடையது. ஆகவே அவனுக்குப் பின்னர் எழுந்த சார்க்கோமா எத்துணைத் தெளிவாகக் கதிரால் விளைந்ததாயினும் இவ்விதியின்படி கணக்கிற் சேராது! யாருக்கு அபாயம் மிகுதியோ அவர்களையே வரைவிலக்கணம் வெளியே நிறுத்திவிட்டது. 1971இல் ஆர்லன் முதலானோர் விதியைத் தளர்த்தி, முதற் கட்டியும் இரண்டாங் கட்டியும் நுண்ணமைப்பில் வேறுபட்டாற் போதும் என்றனர்.

விதி மட்டுமே காரணம் என்பதற்கில்லை. அக்காலத்தில் யூவிங் புற்றுற்ற சிறுவருட் பத்தில் ஒருவரே ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். கட்டி கதிரில் மறையும். ஆனால் நுரையீரலிற் பரவிய நோய் பிள்ளையைக் கொண்டுபோகும். இருபதாண்டுக்குப் பின் வரும் நோயைக் காண இருபதாண்டு வாழ்ந்தோர் வேண்டுமன்றோ? 1960களிலும் 1970களிலும் வின்கிறிஸ்தீன், சைக்குளோபொஸ்பமைட்டு முதலிய மருந்துகள் கதிரோடு சேர்ந்தபின்னரே அத்தகையோர் பெருகினர். பரவாத நிலையிற் கண்டறியப்படும் யூவிங் புற்றில் இன்று, உரிய சிகிச்சை கிடைக்குமிடத்து, மூவரில் இருவருக்கு மேல் பிழைக்கின்றனர். இரண்டாம் புற்று என்பது, ஒரு வகையில், முதற் புற்றை வென்றதன் விலையாகும்.

அவ்விலை எவ்வளவு என்பதில் மதிப்பீடுகள் மாறிவந்தன. 1979இல் ஹூஸ்டனின் லூயிஸ் ஸ்ட்ரோங் என்பாரும் பிறரும் சிறுதொகையினரை ஆராய்ந்து, யூவிங் புற்றிலிருந்து பிழைத்தோரில் பத்தாண்டுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு இரண்டாம் புற்று எழலாமென மதித்தபோது மருத்துவ உலகு திடுக்கிட்டது. 1987இல் மார்கரெட் டக்கரும் பிறரும் பல நாட்டு வைத்தியசாலைகளிலிருந்து, சிறுவயதிற் பல்வகைப் புற்றிலிருந்தும் மீண்ட 9,170 பேரின் வரலாற்றைத் தொகுத்தனர். அவர்களுட் சிலருக்குப் பின்னர் என்புப் புற்றுத் தோன்றியிருந்தது. பொதுச் சனத்தொகையோடு ஒப்பிட இது 133 மடங்கு. யூவிங் புற்றினர்க்கு இருபதாண்டு அபாயம் நூற்றுக்கு 22 என அவர்கள் கணித்தனர். என்பு பெற்ற கதிரின் அளவு 60 கிரேயைத் தாண்டியபோது அபாயம் நாற்பது மடங்காகியது. 1996இல் குற்றெஷ் முதலானோர் 266 பேரை ஆராய்ந்து கண்ட எண்ணோ மிகக் குறைவு: இருபதாண்டில் இரண்டாம் சார்க்கோமா நூற்றுக்கு 6.5, 48 கிரேக்குக் குறைவாகப் பெற்றவரில் ஒருவருக்கும் இல்லை.

முப்பத்தைந்து, இருபத்திரண்டு, ஆறரை என இறங்கும் இவ்வெண்களை ஒன்றோடொன்று முரண்பட்டவையாகக் கொள்ளலாகாது. சிறுதொகையிலிருந்து பெருந்தொகைக்கு வந்தமை ஒரு காரணம். காலத்தோடு சிகிச்சை மாறியமை மற்றொன்று. பழைய எக்ஸ் கதிர் இயந்திரங்களின் தாழ்சத்திக் கதிரை மென்மையான இழையத்தினும் என்பு பன்மடங்கு உறிஞ்சியது. 1951இற் கனடாவில் நோயாளர்க்குப் பயன்படத் தொடங்கிய கோபாற்று-60 கதிரில் அவ்வேற்றுமை பெரிதும் நீங்கியது. முழு என்புக்கும் 60 கிரே வரை கொடுத்தோர், பின்னர் கட்டியையும் அதன் சூழலையும் மட்டும் நோக்கி அளவைக் குறைத்தனர். இன்று பொதுவாகக் கொடுப்பது 45 முதல் 56 கிரே வரையே. கதிர் மட்டுமே குற்றவாளி என்பதுமில்லை. சைக்குளோபொஸ்பமைட்டு வகை மருந்தும் என்புப் புற்றின் வாய்ப்பைக் கூட்டுமென டக்கரின் ஆய்வே காட்டிற்று; விழித்திரைப் புற்றின் பரம்பரையலகைத் தாங்கிப் பிறந்த குழந்தைகளுக்குக் கதிர் படாத காலென்பிலும் சார்க்கோமா எழுகிறது. எவ்வாறாயினும், நூற்றில் ஆறோ ஏழோ பேருக்கு என்றோ வரக்கூடியதை அஞ்சி, உரிய கதிரை இன்று மறுத்தல் பிள்ளையை இழத்தற்கே வழியாகும்.

இவ்வெண்கள் யாவும் நெடுங்காலம் பேணிய ஏடுகளிலிருந்து பிறந்தவை. எத்தனை கிரே, எந்த என்பில், எந்த ஆண்டில் என்ற மூன்றும் தெரியாவிடத்து எந்த ஆய்வும் நடந்திருக்காது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தை ஆதாரமாகக் கொண்டு, பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1981இல் உருவானதன் முக்கியத்துவம் இதனாற் புலனாகும். இதே கேள்வியை எமது கரையோரத்தை நோக்கிக் கேட்கும்போதுதான் மனம் கலங்குகிறது.

கல்முனைப் பகுதியிற் கதிர்ச்சிகிச்சை வேண்டிய பிள்ளையை மஹரகம வைத்தியசாலைக்கே நெடுங்காலம் கொண்டுசென்றனர். முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி; கதிர் பெறும் வாரங்கள் முழுதும் வாப்பாவின் தொழிலும் உம்மாவின் வீடும் அங்கே தங்குதற்கு விலையாகும். 1980களின் நடுப்பகுதி தொட்டு 2009 வரையிலான போர்க்காலத்தில் வீதிகள் அடிக்கடி மூடுண்டன. மீண்டு வந்த பிள்ளையைப் பின்னர் ஆண்டுதோறும் காட்டுதற்கு அழைத்துச் செல்லல் எத்தனை குடும்பத்துக்கு இயலும்? இன்று கதிர்ச்சிகிச்சை மட்டக்களப்பிலும் கிடைக்கிறது. ஆனால் இருபதாண்டுக்கு முன் பெற்ற அளவின் குறிப்பு அங்கிராது. நோய்நிர்ணய அட்டையும் கிளினிக் கொப்பியும் நோயாளரின் கையிலேயே கொடுக்கப்படுவன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கரையோர வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கொப்பிகளின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

கடல் கொள்ளாத இடத்தும் ஏடு நிலைப்பதற்கு எமது வழக்கங்கள் துணைசெய்வதில்லை. கிழக்கிலங்கையில் மணமகன் மனைவியின் சீதன வீட்டுக்குப் போய் வாழ்வான். அவனது சிறுவயதுக் கொப்பி உம்மாவின் வீட்டிலே கிடக்கும். அவ்வீடும் பின்னர் ஒரு தங்கைக்குச் சீதனமாகும். பெண்பிள்ளையாயின் நிலை வேறு. நோயின் பெயர் வெளிப்பட்டால் கலியாணம் தடைப்படுமென்று அஞ்சி, சுகமான பின் எல்லாக் கடதாசியையும் மறைத்துவிடுதல் உண்டு. அத்தகைய ஒருத்தி, பிள்ளைகளைப் பெற்றபின், பழைய தழும்பிருக்கும் அதே தொடையில் நோவு கண்டால், அதனை வாதமென்று கொள்வாள். மருத்துவரிடம் சென்றாலும் கணவன் அருகிருக்கப் பழைய கதையைக் கூறாள். மருத்துவரும் வயதை நோக்கி வலிக்கு மாத்திரை எழுதுவார். முன்னர் கதிர் பட்ட இடம் என்ற ஒரு சொல் காதில் விழுந்தால், அன்றே அவ்விடத்தை எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பித்திருப்பார். இரண்டாம் சார்க்கோமா கொடியதாயினும், பரவுமுன் கண்டால் வெட்டி நீக்கி உயிர் காத்தல் கூடும், பரவியபின் அரிது. அவள் மறைக்கும் சொல்லின் பெறுமதி அதுவே. மறைக்கத் தூண்டிய பெற்றோரை நாம் குறைகூறோம். அச்சொல்லைக் கேட்டுக் கலியாணத்தைக் கலைக்கும் ஊராரையே குறைகூறுகிறோம்.

வைத்தியசாலைகளில் இன்று சில நாடுகள் கைக்கொள்ளும் முறை எளியது. சிகிச்சை முடியும் நாளில், நோயின் பெயர், கதிர் பட்ட இடம், கிரே அளவு, மருந்துகளின் பெயரும் மொத்த அளவும் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையளிப்பர். அத்தாளைத் தமிழிலும் எழுதிப் பிரதியொன்றைப் பிள்ளையின் ஊர் வைத்தியசாலையில், கல்முனையாயின் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ, வைப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

ஸ்பீஸ் தம் பட்டியலை 1950களில் மூடிவிடவில்லை. பெத்தியோஸ்தோர் ஊசி பெற்ற சிறுவர் முதுமை எய்திய காலத்தும் அவர்களை அவரும் அவர்தம் துணைவரும் தொடர்ந்தனர். என்புப் புற்றின் அலை தணிந்த பின்னர், அவர்களுட் பெண்களிடையே மார்புப் புற்று மிகுந்து தோன்றியது அதே பட்டியலாலேயே தெரியவந்தது. முதல் ஊசி போடப்பட்டு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த 2002இலும், அம்மருத்துவ அவலம் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார்.